எழுபது லீற்றர்

நெல்லிமலைத் தோட்டம், மேற்பிரிவு,
தெமோதரை.
02.06.2025

அன்பு மலருக்கு,

உன் புருஷன் கந்தப்பன் எழுதுவது. எனக்கு இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, சோற்றுக்குத்தான் தட்டுப்பாடு. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

போன வெள்ளிக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "இனிமே போன்ல பேசமாட்டேன். பின்னாடி நிக்கிறது யாரு, பின்னாடி நிக்கிறது யாருன்னு தினமும் கேட்டு என் உயிரை எடுக்குறீங்க. பேசணும்னா காயிதம் எழுதுங்க. காயிதத்துல பின்னாடி யாரும் நிக்கமாட்டாங்க." சரி தாயே, எழுதுகிறேன். பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தினவனுக்கு இதுதான் மரியாதை என்றால் அப்படியே ஆகட்டும். தபால் கந்தோரில் முத்திரை கேட்டதற்கு அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தக் காலத்தில் முத்திரை ஒட்டுகிறவன் ஒன்று வழக்குக்காரன், இல்லாவிட்டால் பைத்தியக்காரன்.

இங்கே தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மேட்டு மலையில் தேயிலைக் கொழுந்து காய்ந்து கிடக்கிறது. ஆனாலும் மூன்று நேரமும் தராசோடு நான் நிற்கத்தானே வேண்டும், நிற்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கல்பிட்டிக்கு நீ போனது சமைக்க. நிஸாமுடைய விடுதியில் வெள்ளைக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் பஸ் ஏறினாய். இப்போது பலகைமேல் ஏறிக் கடலில் போகப் பழகுகிறேன் என்கிறாய். அதுகூடப் போகட்டும். அந்த மிப்ரான் என்கிற வாத்தியார் உன்னை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்துவிட்டு, "நீங்க அம்பத்தெட்டு கிலோ" என்று சொன்னானாம். தராசில் ஏறினால் அச்சொட்டாக அம்பத்தெட்டாம். அதை நீ சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்கிறாய்.

பதினான்கு வருஷமாகக் கொழுந்து நிறுக்கிறவன் நான். சாக்கைக் கையால் தூக்கினாலே அரைக் கிலோ வித்தியாசத்துக்குள் சொல்லிவிடுவேன். என்றைக்காவது ஒரு பொம்பளையைப் பார்த்து, நீ இத்தனை கிலோ என்று சொல்லியிருக்கிறேனா? சொன்னால் அவள் புருஷன் என் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்திருப்பான்.

அது என்ன பலகை, அந்த ஆள் யார், உன் நிறை அவனுக்கு எதற்கு? எல்லாவற்றையும் விவரமாக எழுது.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
கந்தப்பன்

பி.கு.: அவன் எத்தனை கிலோ?


கல்பிட்டி.
10.06.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. விடுதியில் எல்லாரும் அதிசயமாகப் பார்த்தார்கள். எனக்கு இங்கே வெயிலும் உப்புக் காற்றும் தவிர வேறு கஷ்டம் இல்லை. நன்றாக இருக்கிறேன், என்ன செய்வீர்களோ செய்யுங்கள்.

சோற்றுக்குத் தட்டுப்பாடாமே? அரிசி வாளி நிறைய வைத்துவிட்டுத்தான் வந்தேன். சமைக்கச் சோம்பல்பட்டுக் கடைப் பாணும் பருப்பும் தின்றுகொண்டிருப்பீர்கள். அந்தப் பழியை என்மேல் போடாதீர்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இந்த விளையாட்டுக்கு விங் ஃபொயில் என்று பேர். காற்றடித்த பெரிய இறக்கை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். பலகைக்கு அடியில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பு, கம்பின் நுனியில் சின்ன விமானம் போல ஒரு தகடு. காற்று இழுக்க இழுக்க வேகம் கூடி, பலகை தண்ணீரை விட்டு மேலே எழும்பிவிடும். பிறகு சத்தமே கிடையாது. ஆள் அந்தரத்தில் வழுக்கிக்கொண்டு போவார். முதல்முறை ஒரு வெள்ளைக்காரப் பெண் அப்படிப் போனதைப் பார்த்த அன்று, அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. ஷம்ரா தாத்தாவிடம் ஏச்சு வாங்கினேன். (நிஸாம் நானாவின் தங்கச்சிதான் ஷம்ரா. இங்கே அண்ணனை நானா என்றும் அக்காவைத் தாத்தா என்றும்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.)

பலகையை நீளம் பார்த்து எடுப்பதில்லை மாமா, லீற்றர் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். எவ்வளவு பாரத்தை மிதக்கவிடும் என்பதுதான் அந்த லீற்றர். எழுபது கிலோ ஆள் எழுபது லீற்றர் பலகையில் நின்றால் பலகை தண்ணீருக்குள்ளே போய்விடும். கெட்டிக்காரர்கள் அதிலும் எழும்பிவிடுவார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் உடம்பு நிறையோடு நாற்பதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் முழங்காலில் இருந்து எழுந்து நிற்கிறவரைக்கும் ஆடாமல் இருக்கும். பழகினபிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதுக்கு மாறலாம்.

அதனால்தான் வருகிற எல்லாரிடமும் நிறை கேட்கிறார்கள். செருப்புக் கடையில் கால் அளவு கேட்கிற மாதிரிதான். கொழும்புப் பெண்கள் வெட்கப்பட்டு ஐந்தாறு கிலோவைக் குறைத்துச் சொல்லிவிட்டுத் தண்ணீரில் தொபுக்கென்று விழுகிறார்கள். அதனால் மிப்ரான் இப்போது கேட்பதே இல்லை, கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டுத் தராசில் ஏறச் சொல்கிறார்.

நான் ஏன் பழகுகிறேன் என்றால், பெண்கள் பெண்ணிடம் படிக்கத்தான் விரும்புகிறார்கள். பெண் பயிற்சியாளர் ஒருவரை எடுக்கப்போகிறார் நிஸாம் நானா. "மலர், நீ தேயிலை மலை ஏறினவள், உனக்குக் கால் பலம் இருக்கு, நீ பழகு" என்று ஷம்ரா தாத்தாதான் தூண்டிவிட்டார். ஜூலை இருபதாம் திகதி பார்த்துத் தெரிவுசெய்வார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும் மாமா. சட்டி கழுவுகிறவளாகவே திரும்பி வர மனசில்லை.

இப்போது நீங்கள்தான் ஒரு யோசனை சொல்ல வேண்டும். எனக்குத் தரக்கூடியதாக இரண்டு பலகை இருக்கிறது. ஒன்று எழுபது லீற்றர், மற்றது நூறு. நூறை எடுக்கச் சொல்கிறார் மிப்ரான். ஆனால் நிறைக் கணக்கில் உங்களை மிஞ்சின ஆளை நான் பார்த்ததில்லை. நீங்கள் சொல்வதைத்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு
மலர்

பி.கு.: மிப்ரான் எழுபத்திரண்டு கிலோ. நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.


தெமோதரை.
17.06.2025

அன்பு மலருக்கு,

எழுபத்திரண்டா! நான் கேட்டேன்தான், அதற்காக நீ தெரிந்து வைத்திருக்க வேண்டுமா? தெரியாது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இரண்டு வாய் சோறாவது இறங்கியிருக்கும். என் நிறை உனக்குத் தெரியுமா? தெரியாது. எனக்கே தெரியாது. நேற்று மத்தியானம் நிறுவை முடிந்ததும் சாக்கு மாட்டுகிற கொக்கியில் நானே தொங்கிப் பார்த்தேன். அறுபத்தொன்பது காட்டியது. பொம்பளைகள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "கணக்கப்புள்ளே, ஈரத்துக்குன்னு உங்களுக்கு எத்தனை கிலோ வெட்டுறது?" என்று ஒருத்தி கேட்டாள். மூன்று கிலோவில் அவன் என்னை முந்திவிட்டான்.

பலகை விஷயம். நீ கேட்டதால் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்.

முதலில் அந்த அம்பத்தெட்டே பிழை. உன்னை எப்போது நிறுத்தார்கள்? தண்ணீரில் நனைந்த உடுப்போடும் மிதக்கிற சட்டையோடும் என்றுதானே போனில் சொன்னாய். ஈரக் கொழுந்துக்கும் சாக்குக்கும் கழிக்காமல் எந்த ஊரில் நிறுக்கிறார்கள்? நான்கு கிலோவைக் கழித்துவிடு. அம்பத்து நான்கு. அடுத்தது இந்த நாற்பதைக் கூட்டுகிற கதை. அது நடக்கத் தெரியாத கொழும்புக்காரிகளுக்கு. ஒன்பது வருஷம் இருபது கிலோவை முதுகில் போட்டுக்கொண்டு, மழையில் வழுக்குகிற மலையில் இறங்கினவளுக்கு எதற்கு நாற்பது? பதினாறு தாராளம். அம்பத்து நான்கும் பதினாறும் எழுபது.

ஆகவே எழுபது லீற்றர்ப் பலகையை எடு. அவன் நூறு என்று சொன்னால், உன்னைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். எனக்குத் தெரியும்.

பலகையில் ஏறும்போது அதை யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்று எழுது.

இப்படிக்கு,
உன்
கந்தப்பன்


கல்பிட்டி.
26.06.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். "அவனுக்கு ஒன்றும் தெரியாது, எனக்குத் தெரியும்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கால் பலத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை எழுபது லீற்றர்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். மிப்ரான் தலையில் கை வைத்தார்.

"அக்கா, இது சரிவராது. நீங்க முழங்கால் வெச்சாலே ஆடும். நூறை எடுங்க."

"என் வீட்டுக்காரர் கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்காரு."

"அவர் இதுல ஏறி இருக்கிறாரா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏறல. ஆனா பதினாலு வருசமா தராசு பிடிக்கிறாரு. தோட்டத்துல கொழுந்து நிறுக்குற எல்லா மடுவத்துலயும் கணக்குல கிலோ வெட்டுவாங்க, அவரு ஒருத்தர்தான் வெட்டமாட்டாரு. மழையில எல்லாருக்கும் மூணு கிலோ வெட்டச் சொல்லித் துரை சொன்னப்போ, ஒவ்வொரு சாக்கா தண்ணியை உதறிட்டு நிறுத்தவரு. அதைப் பார்த்துத்தான் நான் அவரைக் கட்டினேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கரையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மிப்ரான் பலகையைப் பிடித்துக்கொள்ள வந்தார்.

நான்கு நாளாக விழுகிறேன். பலகையில் முழங்காலிட்டால் தண்ணீர் தொடைவரைக்கும் வருகிறது. ஒரு காலை ஊன்றுவதற்குள் ஒரு பக்கம் சரிந்துவிடுகிறது. பழகப் பழக வந்துவிடும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பலகையை மிப்ரான்தான் பிடித்துக்கொள்கிறார். பலகையை மட்டும்.

இப்படிக்கு,
உங்கள்
மலர்


தெமோதரை.
02.07.2025

மலர்,

உன் கடிதம் கிடைத்தது.

கரையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அப்படியெல்லாம் ஏன் சொன்னாய்? மழையில் சாக்கை உதறின கதையை எல்லாம் ஊருக்குச் சொல்ல வேண்டுமா? நேற்று நிறுவையில் ஒருத்தி, "உங்க தராசுல போட்டா மனசுக்கு நிம்மதிங்க" என்றாள். அவளை வள்ளென்று ஏசிவிட்டேன். எதற்கு ஏசினேன் என்று அவளுக்கும் விளங்கவில்லை, பக்கத்தில் நின்றவர்களுக்கும் விளங்கவில்லை.

நிறைய விழுகிறாயா? அடி படுகிறதா? அந்தத் தகடு கூராக இருக்குமா? வராவிட்டால் விட்டுவிட்டு வந்துவிடு. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வீட்டில் எல்லாம் நீ வைத்துவிட்டுப் போன மாதிரியே இருக்கிறது.

பலகையை மட்டும் என்று ஏன் தனியாக எழுதினாய்? நான் வேறு ஏதாவது கேட்டேனா?

இப்படிக்கு,
கந்தப்பன்


கல்பிட்டி.
08.07.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இன்றோடு பதினாறு நாள். ஒரு தரம்கூட இரண்டு காலில் நிற்கவில்லை.

அடி படுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். இடது விலாவில் உள்ளங்கை அளவு நீலம் பாரித்திருக்கிறது. தும்மினால் உயிர் போகிறது. முழங்கால் இரண்டும் தோல் உரிந்து உப்புத் தண்ணீரில் எரிகிறது. வலியைச் சகித்துக்கொள்வேன் மாமா, இதைவிடப் பெரிய பாரம் தூக்கினவள்தான். வேறு ஒன்றைத்தான் சகிக்க முடியவில்லை.

புத்தளத்தில் இருந்து அகீலா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். இருபத்திரண்டு வயது. அதே இடத்துக்குத்தான் அவளும் பழகுகிறாள். முதல் நாளே நூற்றுப் பத்து லீற்றர்ப் பலகை கொடுத்தார்கள். மூன்றாவது நாள் பலகை தண்ணீரை விட்டு எழும்பியது. கரையில் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு கிலோ வெங்காயத்தையும் நறுக்கி முடித்தேன், அழுவதற்கு அதுதான் வசதி. நல்ல பிள்ளை மாமா, என்னை அக்கா அக்கா என்று சுற்றிவருகிறாள். ஆனால் அவள் விழ வேண்டும் என்று தினமும் மனசுக்குள் கேட்டுக்கொள்கிறேன். அவள் சிரித்தால் எனக்கு எரிகிறது. அவள் பலகையைக் கழுவி வைத்தால்கூட எரிகிறது. என்ன மனுஷி நான் என்று என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டுப் பேசும்போதெல்லாம் உங்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று இப்போதுதான் விளங்குகிறது. பாவம் நீங்கள், இதை எப்படித்தான் பன்னிரண்டு வருஷம் தாங்கினீர்கள்?

மிப்ரான் இன்னமும் ஒவ்வொரு நாளும் நூறு லீற்றர்ப் பலகையை என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். நான் அதைத் தொடவில்லை. பிழை பலகையில் இல்லை, என்னிடம்தான். எனக்கு வரவில்லை. முப்பத்து நான்கு வயதில் எனக்கு இது வராது என்று நினைக்கிறேன். அவ்வளவுதான்.

இருபதாம் திகதிவரை பார்ப்பேன். அகீலாவுக்குத்தான் கிடைக்கும். இருபத்தோராம் திகதி பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறேன். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கும் வீட்டை நினைத்தால் ஆறுதலாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு
மலர்


தெமோதரை.
12.07.2025

மலருக்கு,

உன் கடிதம் இன்று காலை பத்து மணி போல வந்தது. நீ வருகிறாய் என்று படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் என்னைக் காறித் துப்புவாய். தபால் கந்தோர் வாசலிலேயே நின்று சிரித்தேன். நேரே கடைக்குப் போய், உனக்கென்று கருவாடும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மறுபடியும் படித்தேன். "பிழை பலகையில் இல்லை, என்னிடம்தான்" என்று எழுதியிருக்கிறாய். அதற்கு மேலே படிக்க முடியவில்லை.

மலர், உன்னிடம் ஒரு பிழையும் இல்லை. நான் சரியாகவே கணக்குப் பார்த்தேன். அம்பத்தெட்டும் நாற்பதும் தொண்ணூற்றெட்டு. கணக்கே தேவையில்லை, பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும். நூறு லீற்றர்ப் பலகைதான் உனக்குச் சரி என்று உன் கடிதத்தைப் படித்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுபது என்று எழுதினேன்.

அந்த நான்கு கிலோ ஈரத்துக்குக் கழித்தது பொய். பதினாறு போதும் என்றது பொய். எழுபதை முதலில் வைத்துக்கொண்டு, அங்கே போய்ச் சேருகிற மாதிரி ஒவ்வொன்றாக வெட்டினேன். மற்ற மடுவங்களில் எப்படி வெட்டுவார்கள் என்று உனக்குத் தெரியும். பொம்பளைகள் முகம் பார்த்து வெட்டுவார்கள். நான் உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெட்டிவிட்டேன்.

உனக்கு அடி படும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. நாலு தரம் விழுந்து, சீ போ என்று விட்டுவிட்டு வருவாய் என்று நினைத்தேன். நீ அந்தரத்தில் போகிறதைக் கரையில் நின்று அவன் பார்ப்பானே என்று நினைத்தேன். இங்கே நான் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்க, நீ தண்ணீருக்கு மேலே போவதை எவனெவனோ பார்க்கிறான் என்று நினைத்தால் வயிறு பற்றி எரிந்தது. அவன்மேல் மட்டும் இல்லை. அந்தக் கடல்மேல், காற்றின்மேல், நீ பருப்பைத் தீயவிட்டுப் பார்த்தாயே அந்த வெள்ளைக்காரிமேல்கூட எரிந்தது. என்னைப் பார்த்து நீ எதையும் தீயவிட்டதில்லை.

இந்தக் கடிதம் வர நான்கு நாள் ஆகும். அதுவரை நீ அந்தப் பலகையில் விழக்கூடாது என்று உன் போனுக்கு எடுத்தேன். சொன்ன சொல் தவறாதவள், நீ எடுக்கவில்லை. ஆகவே விடுதி நம்பருக்கு எடுத்தேன். எடுத்தவன் அவன்தான்.

"நானா, சொல்லுங்க நானா" என்றான். குரலும் நல்ல குரல், அதுவும் எரிச்சல்.

"தம்பி, மலருக்கு நூறு லீற்றர் பலகையைக் குடுங்க. என் கணக்குல பிழை வந்திருச்சு."

"நான் முதல் நாளே சொன்னேனே நானா. அவங்க கேக்கல்ல. எண்ட வீட்டுக்காரர் கணக்குப் பிழைக்காது எண்டு என்னோட சண்டைக்கு வந்தாங்க."

"இப்ப நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஏறுவா."

"சரி நானா. நீங்க கவலைப்படவேணாம், நாங்க பாத்துக்கொள்றோம்" என்றான். கவலைப்படாதே என்று எனக்கு அவன் சொல்கிறான். சரி என்று கேட்டுக்கொண்டேன்.

அவனிடம் பிழை என்றுதான் சொன்னேன். வேறு எதைச் சொல்வது? உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது. பிழை என்றால் தெரியாமல் வருவது. நான் தெரிந்து செய்தேன்.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது. ஏறு. எழும்பிவிடுவாய், எனக்குத் தெரியும். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கந்தப்பன்


கல்பிட்டி.
25.07.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலை காரணம் இல்லை.

பதின்மூன்றாம் திகதி காலை மிப்ரான் சிரித்துக்கொண்டே வந்தார். "அக்கா, நானா போன் எடுத்தார். கணக்குல பிழை வந்திட்டாம், நூறுல ஏறட்டாம்" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பலகைக்காக இல்லை. நீங்கள் உங்கள் வீம்பை விட்டு அந்த ஆளுக்கே போன் எடுத்துச் சொல்லியிருக்கிறீர்களே என்று. எனக்காக என் புருஷன் இவ்வளவு இறங்கி வந்திருக்கிறார் என்று ஷம்ரா தாத்தாவிடம் பெருமையடித்தேன்.

அன்றைக்கே நூறு லீற்றர்ப் பலகையில் ஏறினேன். முழங்காலிட்டேன், ஆடவில்லை. ஒரு காலை ஊன்றினேன், மற்றக் காலையும் ஊன்றினேன், நின்றேன். என்னால் நம்ப முடியவில்லை, நின்றுகொண்டே இறங்க மறந்து காற்று போகிற பக்கமெல்லாம் போய், படகில் வந்துதான் கூட்டிவந்தார்கள். நான்காவது நாள், பதினாறாம் திகதி, பலகை எழும்பியது. அடியில் தண்ணீர் அடிக்கிற சத்தம் சட்டென்று நின்றுபோனது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. விழுந்து எழுந்து தண்ணீருக்குள் நின்று கத்தினேன். அகீலாதான் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

ஈர உடுப்போடு ஓடிவந்தேன், உங்களுக்கு நன்றி சொல்லி எழுத வேண்டும் என்று. மேசைமேல் உங்கள் கடிதம் வந்திருந்தது.

படித்தேன். சமையலறைக்குப் பின்னால் தேங்காய் மட்டைக் குவியலில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "வீட்டுல ஏதும் சோகமா?" என்று ஷம்ரா தாத்தா கேட்டார். என்ன சொல்வது? என் புருஷன் தெரிந்தேதான் என்னை விழவைத்தார் என்று எந்த வாயால் சொல்வது? மூன்று நாளைக்கு முன்னால்தான் பெருமையடித்திருந்தேன். தலைவலி என்று சொன்னேன்.

நீங்கள் பொறாமைப்படுகிறவர் என்று எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியும். பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சக் காசைக் கையில் வைத்தால்கூட இரண்டு நாள் பேசமாட்டீர்கள். அதையெல்லாம் என்மேல் இருக்கிற பிரியம் என்று எடுத்துக்கொண்டேன், சில நேரம் மனசுக்குள் ரசிக்கவும் செய்தேன். கோபத்தில் நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம், வேண்டாம் வந்துவிடு என்று கட்டளை போட்டிருக்கலாம். சண்டை பிடித்திருப்பேன், வந்தாலும் வந்திருப்பேன். ஆனால் நீங்கள் என் காலைப் புகழ்ந்து எழுதினீர்கள். ஒன்பது வருஷம் மலையில் இறங்கினவள் என்று எழுதினீர்கள். அதைப் படித்து நான் அழுதேன் மாமா. அதுதான் இன்னும் ஆறவில்லை. விலாவில் நீலம் போய்விட்டது.

இருபதாம் திகதி பார்த்தார்கள். எனக்கு எழும்பத் தெரியும், போன வழியே திரும்பி வரத் தெரியாது. அகீலாவுக்கு இரண்டும் தெரியும். இடம் அவளுக்குத்தான். நியாயமாகத்தான் கொடுத்தார்கள். நான் இன்னும் அவளைப் பார்த்து எரிகிறேன், ஆனால் அவளுக்குச் சோறு போடும்போது இப்போதெல்லாம் பொரித்த மீனில் பெரிய துண்டாகப் பார்த்து வைக்கிறேன்.

நிஸாம் நானா என்னைக் கூப்பிட்டுப் பேசினார். "மலர், இருபது நாள் முந்தி அந்தப் பலகையில ஏறியிருந்தா உங்களையும் எடுத்திருப்பேன். டிசம்பர்ல மறு காத்து தொடங்கும், அப்ப இன்னொரு ஆள் தேவை. இருந்து பழகுறீங்களா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே தீபாவளிக்கு வரமாட்டேன். டிசம்பரில் இடம் கிடைத்தால் மார்ச் முடியும்வரை இங்கேதான். அதற்குப் பிறகு என்ன என்று இப்போது என்னைக் கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நீங்கள் போனும் எடுக்காமல், அந்தக் கடிதத்தையும் எழுதாமல் இருந்திருந்தால் இருபத்தோராம் திகதி நான் வீட்டுக்கு வந்திருப்பேன். எனக்கு இது வராது என்று நம்பிக்கொண்டு, உங்கள் பக்கத்திலேயே இருந்து கிழவியாகியிருப்பேன். சரிதான் புள்ள, உனக்கு எதுக்கு அதெல்லாம் என்று நீங்களும் தலையைத் தடவியிருப்பீர்கள். அதை நினைத்தால்தான் எனக்குக் குலை நடுங்குகிறது. நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். அதனால்தான் நான் வரவில்லை.

கடிதம் எழுதுங்கள். வந்தால் படிப்பேன். பதில் எப்போது எழுதுவேன் என்று சொல்லத் தெரியவில்லை.

இப்படிக்கு,
யோகமலர்